வாழைச்சாம்பல் அப்பளம்

மகளின் மாமியார் பொள்ளாச்சியிலிருந்து அப்பளம் கொண்டுவந்த அன்று, என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கி ஏழு மாதம் பதினொரு நாள் ஆகியிருந்தது. காயை வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்போம். வாழைப்பழமும் இளநீரும் வீட்டுக்குள் வருவதில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"கடையில விக்கிற அப்பளக்காரம் போடலீங்ணா. வாழைமட்டைய எரிச்சு, அந்தச் சாம்பத் தண்ணிய வடிகட்டிக் காய்ச்சுன உப்புங்க. கெமிக்கலே இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

அந்த உப்பு பொட்டாசியம் கார்பனேட். சோப்புக்கும் கண்ணாடிக்கும் பயன்படும் என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். நூறு கிராமில் ஐம்பத்தாறரை கிராம் பொட்டாசியம். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். அவரே பொரித்துத் தட்டில் வைப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மனைவி இரண்டு தின்றாள். நன்றாக இருக்கிறது என்று நானும் சொல்லிவைத்தேன்.

அவரை உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்து டப்பாவில் மீதியிருந்த அப்பளங்களை எண்ணினேன். இருபத்து நான்கு. அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் போனில் சம்பந்தியம்மாவிடம் உளறிவிடுவாள் என்று பயம்.

மூன்றாம் நாள் காலை எண்ணினால் பதினைந்துதான் இருந்தன. மறுபடி எண்ணினேன். பதினைந்தேதான்.

"வாய் செத்துக் கெடந்துச்சுங்க. அப்பளந்தானே" என்றாள் மனைவி. கொஞ்சம் கழித்து, நேற்றிலிருந்து கால் துவண்டு துவண்டு போகிறது என்றாள்.

ஓர் அப்பளத்தில் அந்தச் சாம்பல் உப்பு எவ்வளவு இருக்கும்? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பந்தியம்மா கையளவாகப் போட்டதற்கு ஏது கணக்கு? மூன்று சிக்னலிலும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது சிக்னலில் ஒரு துடிப்பு தவறியது போலிருந்தது. ஆட்டோவின் அதிர்வுதானோ என்னவோ.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. நாளைய முறை வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் உடனே டயாலிசிஸ் போடச் சொன்னார். நான்கு மணி நேரம்.

இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆனபோது சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டார். அப்பளம் தீர்ந்துவிட்டதா, இன்னும் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் ரெண்டாவது அப்பளத்த வெக்கறப்ப நீங்க பாத்துட்டுத்தானுங்ணா உக்காந்திருந்தீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

உள்ளே இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் பாக்கி இருந்தது.