கருவேலி மாளிகையின் இரண்டாவது ஓநாய்

ஜெயஸ்ரீக்குப் பயப்படுவது பிடிக்கும், சினிமாவில் மட்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருப்பவள். பஸ் தாமதமானால் பயம், வீட்டு ஓனர் கதவைத் தட்டினால் பயம், கணவன் ஆனந்தகுமார் லேத் பட்டறையிலிருந்து வர நேரமானால் பெரும் பயம். பேய்ப் படத்தில் வரும் பயத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, விளக்கைப் போட்டுவிடுவார்கள் என்பாள்.

ஆழ்வார்பேட்டையில் ஜவஹர் வைத்திருந்த வீடியோ கடையில் சனிக்கிழமை மத்தியானங்களில் பேய்ப் பட ரசிகர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். அதில் ஒரே பெண் அவள். அவர்கள் எல்லோருக்கும் உயிர், ‘கருவேலி மாளிகை’ என்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். பௌர்ணமியன்று ஓநாயாக மாறும் ஒரு ஜமீன்தாரின் கதை. அதில் ஓநாயை முழுசாகக் காட்டவே மாட்டார்கள். சுவரில் நிழல், கதவில் நகம், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்தப் படத்தைக் கலரில் மறுபடி எடுக்கப்போவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது.

“இன்னா மேடம், நம்ம ஓநாய்க்கு டூயட்டாம், ஊட்டில!” என்றான் ஜவஹர்.

“கம்ப்யூட்டர்ல வேற பண்ணப் போறானாம். இருக்கறதையும் கெடுத்துட்டுத்தான் விடுவான்” என்றார் சுப்பராமன். மயிலாப்பூர்க்காரர், பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர்.

எல்லோரையும்விட ஜெயஸ்ரீதான் அதிகம் கொதித்தாள். “ஓநாயைக் காட்டினாலே படம் போச்சு சார். முதல் நாளே போவோம். கத்துற கத்துல தியேட்டரே அதிரணும்.”

அடுத்த வாரம் ஆனந்தகுமார் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டு, சினிமாவுக்குப் பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தவன்.

“கிடைச்சிருச்சு ஜெயஸ்ரீ! ‘கருவேலி மாளிகை’ல நான்தான் ஓநாய்.”

“நீங்களா? ஹீரோதானே ஓநாய்?”

“மாறுற வரைக்கும் அவர். மாறினதுக்கப்புறம் நான். தோலுக்குள்ள யாருன்னு தெரியவா போகுது?”

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காபி கலக்கப் போகிறவள்போல உள்ளே போய் நின்றுகொண்டாள். வீடியோ கடையில் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் அவர்கள் வரப்போகிற படத்தைக் கிழித்தபோது தலையை மட்டும் ஆட்டினாள். “ஏன் மேடம் டல்லா கீறீங்க?” என்று ஜவஹர் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

படப்பிடிப்பு சித்திரை வெயிலில் நடந்தது. ரப்பரும் செயற்கை மயிருமாக ஒரு உடுப்பு. அதைப் போட்டால் கழட்ட இரண்டு பேர் வேண்டும். ஆனந்தகுமாரின் கழுத்தெல்லாம் கொப்புளம். ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டான் என்று கம்பெனிக்கே போன் வந்தது. அவளுடைய போர்டிலேயே, அவளே எடுத்தாள். மற்ற லைன்களெல்லாம் அடித்துக்கொண்டிருக்க, “மூச்சு இருக்கா, மூச்சு இருக்கா” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்தது. மறுநாள் அவன் மறுபடி போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் அடையாறு முகத்துவாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு தெருநாய்கள் மணலில் நடந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த ஆனந்தகுமார், “டைரக்டர் பாய்ஞ்சு கடின்னுதான் சொல்றாரு. எனக்கு ஒட்டலை. நீ அந்தப் பழைய படத்தை அத்தனை தடவை பார்த்தவ. அவன் எப்படி இருப்பான், சொல்லேன்” என்றான்.

அவளும் நாய்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அவன் கடிக்க வரலைங்க. தன்னை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு தவிக்கிறான். அதான் எனக்குப் பயமா இருக்கும்.”

படம் வந்தது. ஜவஹர் முதல் நாள் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிவிட்டான். ஆனந்தகுமார் வரவில்லை. “நீ பார்த்துட்டு வா” என்று சொல்லிவிட்டான். சுப்பராமனுக்கும் ஜவஹருக்கும் நடுவில் ஜெயஸ்ரீ உட்கார்ந்திருந்தாள்.

டூயட்டுக்கு விசில் பறந்தது. கம்ப்யூட்டர் நிலா தட்டு மாதிரி எழும்பியதும் சிரிப்பு. ஓநாய் திரையில் வந்தபோது முன்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான், தியேட்டரே சேர்ந்து ஊளையிட்டது. ஜவஹரும்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்தாள். ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். சுவரோடு ஒண்டி நிற்கிற ஓநாய் பாயவில்லை. நகம் முளைத்த கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை.

“ஏம்மா, இது ஹீரோ நடிப்பு இல்லையே? யாரு இவன்?” என்று சுப்பராமன் கிசுகிசுத்தார்.

“என் வீட்டுக்காரர் சார்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஜவஹர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதோடு சரி. உச்சக்கட்டத்தில் ஆனந்தகுமார் நடித்ததை வெட்டிவிட்டு, கம்ப்யூட்டர் ஓநாய் ஒன்றைப் பறக்க விட்டிருந்தார்கள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் ஓடிய பெயர்களில் அவன் பெயர் இல்லை.

வெளியே வந்ததும் ஜவஹர், “சொல்லவே இல்லியே மேடம். நானும் கத்திட்டனே” என்றான்.

“கத்தினது சரிதான். படம் மோசம்தானே” என்றாள் ஜெயஸ்ரீ.

வீட்டில் ஆனந்தகுமார் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் முகத்தையே பார்த்தான். “படம் தேறாதுங்க” என்றாள். “கையை ஒளிச்சுக்கிட்டீங்களே, அங்க மட்டும் தியேட்டர்ல மூச்சு சத்தம்கூட இல்லை.” அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் சிரித்தான்.

இரண்டு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். லேத் பட்டறை வேலை தொடர்ந்தது. அடுத்த வருஷம் டெலிவிஷன் தொடர் ஒன்றில் ஒரு கணக்கு வாத்தியார் வேஷம் வந்தது. முகமூடி எதுவும் கிடையாது, சொந்த முகம். முதல் பகுதி ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயஸ்ரீயால் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள்.