முல்லைத்தீவில் பங்கு போட்ட குளிசைகள்

முல்லைத்தீவுக் கடலுக்குப் போகலாமா என்று கேட்டு எழுதியவர்களே, போங்கள். ஆனால் நான் பயந்து நடுங்கிய கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு கிருமி, மருந்துக்குச் சாகாத தன் குணத்தைப் பக்கத்தில் கிடக்கும் வேறு இனக் கிருமிக்கும் மரபணுவாகக் கைமாற்றிவிடும் என்ற செய்தி அப்போது புதிது. கடலுக்குள்ளும் அது நடக்குமா? சந்தேகம் பேராசிரியருக்கு, தண்ணீர் எடுத்துவரும் அலைச்சல் எனக்கு.

காலையில் யாழ்தேவி ரயில் ஏறினால் மத்தியானம் மாங்குளம். அங்கிருந்து ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ளால் முப்பது மைல் பஸ். மாரியில் மட்டும் வேண்டாம், எந்தச் சேற்றில் பஸ் நிற்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

என்னைக் கடலுக்குள் கூட்டிப்போக ஒத்துக்கொண்ட வள்ளக்காரர் மரியநாயகம் அண்ணை, கரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். போன கிழமை திருக்கை மீனின் முள் குத்தியதாம். பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. புண்ணிலிருந்து அழுகல் மணம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ அண்ணை?"

"போனனான். குளிசை தந்தவை."

"முழுக்கக் குடிச்சனீங்களோ?"

அவருடைய மனைவி திரேசம்மா குறுக்கே வந்தார். "என்ன தம்பி கேக்கிறீங்கள்? வள்ளத்தில நாலு பேர். மற்ற மூண்டு பேருக்கும் கையில காலில புண். மீனில பங்கு, குளிசையில பங்கில்லையோ? நான்தான் பிரிச்சுக் குடுத்தனான்."

அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமிகள் நாலு பேர் புண்ணிலும். அந்தப் புண்களைக் கழுவியதும் துணிகளை அலசியதும் நான் போத்தலில் அள்ள வந்த அதே தண்ணீரில்! உள்ளே எது எதற்கு எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறதோ? கண்ணுக்குத் தெரிந்தாலாவது ஓடித் தப்பலாம்.

"உப்புத்தண்ணி எல்லாத்தையும் சாக்காட்டிப்போடும். பயப்பிடாதேங்கோ," என்றார் அண்ணை.

"விசர்க் கதை கதையாதேங்கோ!" என்று கத்தியேவிட்டேன். கார் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

டொக்டர் அதே மருந்தை ஊசியாகப் போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. வேறொரு மருந்து போட்டார். அதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது மருந்தை அந்த வள்ளத்தில் ஒருவருமே குடித்ததில்லை. அப்படியென்றால் வேறேதோ கிருமிதான் அந்தக் குணத்தைக் கைமாற்றியிருக்கவேண்டும். உயிர் வேண்டுமென்றால் காலை எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

போகிறவர்கள் ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடவுங்கள், திருக்கை விலகிப்போகும். குத்தினால் உடனே ஆஸ்பத்திரி. தந்த குளிசையை ஒன்று விடாமல் நீங்களே முடியுங்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கல்நெஞ்சன் இல்லை, அன்று அந்த ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றவன்.

திரேசம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "மற்ற மூண்டு பேரில ஒருத்தன் என்ர மகன். அவனுக்கும் கை வீங்குதெண்டு இப்ப ஆள் வந்து சொல்லுது. அவனுக்கு எந்த மருந்து குடுப்பினம், தம்பி?"