மரைக்கு எடுத்த ரவை

புதுத் தோட்டாப் பெட்டியைத் திறந்ததும் எழும் பித்தளையும் எண்ணெயும் கலந்த வாசம், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் விரல்வரை ஏறும் குளிர்: எனக்குப் பத்து வயதாயிருந்த அந்த மெல்பேர்ன் குளிர்காலம் இப்படித்தான் நினைவில் நிற்கிறது. அப்போது நாங்கள் கிரெய்கிபர்னில் இருந்தோம். அப்பா ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்த டோனி அங்கிளோடு மான் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டு, லைசென்ஸ் எடுத்து, ஒரு ரைபிளும் வாங்கியிருந்தார். அம்மா அதைக் கடைசிவரை "துவக்கு" என்றுதான் சொன்னார். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்து நீங்களே ஒண்டை வாங்கி வச்சிருக்கிறீங்கள்" என்று ஒருமுறை சொன்னவர், பிறகு துவக்கைப் பூட்டிவைத்த இரும்புப் பெட்டி இருந்த கராஜ் பக்கமே போகவில்லை.

"ரவை" என்று நாங்கள் சொல்லும் தோட்டா வாங்கப் போனபோது அப்பாவும் டோனி அங்கிளும் என்னையும் கூட்டிப்போனார்கள். டோனி அங்கிள் முனையில் கனமான ஈயக்குண்டு, அதாவது சன்னம், வைத்த ரவையைத்தான் காட்டினார். விக்டோரியா மலைக்காடுகளில் திரிவது சின்ன மான் அல்ல, எங்கள் வன்னிக் காட்டில் "மரை" என்று சொல்லும் பெரிய மானின் இனம். தோலும் தோள் எலும்பும் தடித்த அந்த மிருகத்துக்குள் சன்னம் உடையாமல் இறங்கவேண்டும் என்றார். அப்பாவுக்கோ பாரம் குறைந்த, வேகமான ரவைதான் பிடித்திருந்தது. அது அவர் தோளை அவ்வளவாக உதைக்கவில்லை. முன்பே பயிற்சித் திடலில் அதனால் சுட்டபோது இலக்குக் கடதாசியில் துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி விழுந்திருந்தன. அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கடதாசியில் எலும்பு இல்லையே என்று டோனி அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, தனக்குப் பிடித்த பெட்டியையே வாங்கினார்.

வேட்டைக்கும் நான் கூடப் போனேன். காலையில் மரை ஒன்று ஓடையோரம் நின்றது. அப்பா சுட்டதும் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதற்குள் அது எழும்பி, முன்னங்கால் ஒன்று தொங்க, பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. இரத்தத்துளிகளைப் பார்த்துப் பார்த்து மத்தியானம்வரை நடந்தோம். கண்டபோது அது புதருக்குள் உயிரோடு படுத்திருந்தது. அப்பா ரைபிளை உயர்த்தினார். சுடாமலே இறக்கிவிட்டார். டோனி அங்கிள் என்னை மறுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு முடித்துவைத்தார். தோளை வெட்டித் திறந்தபோது சன்னம் எலும்பில் பட்டு உடைந்து, துணுக்குத் துணுக்காகச் சதைக்குள் சிதறிக் கிடந்தது. அப்பா நிமிரவில்லை.

அடுத்த சனிக்கிழமை விருந்துக்கு அப்பா முன்கூட்டியே ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். பின்வளவில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஒரு அங்கிள் மென்றபடியே, "ஒரே வெடியோ, அண்ணை?" என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் போதும்.

"இல்லை. நான் பிழையான ரவையைக் கொண்டுபோனனான். கால் முறிஞ்சு, மத்தியானம் மட்டும் உயிரோட கிடந்தது. டோனிதான் முடிச்சவர்" என்றார் அப்பா.

ஒரு அன்ரி தட்டைக் கீழே வைத்தார். அவருடைய தம்பி ஊரில் யுத்தத்தில் காயப்பட்டு, தூக்கிப்போக ஆளில்லாமல் கிடந்து இறந்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்கு முகம் எரிந்தது. அப்பா ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். அடுத்த கிழமையே அவர் ரைபிளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த வீடு எங்களுடையதல்ல. பின்னாலிருந்த புல்வெளி முழுக்க வீடுகள். டோனி அங்கிள் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா சிட்னியில், நார்த்மீட்டில் என்னோடு இருக்கிறார், காது மந்தமாகிவிட்டது. போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு மெல்பேர்னிலிருந்து வந்திருந்த, அன்று "ஒரே வெடியோ" என்று கேட்ட அதே அங்கிள், "உங்கட மாமா ஒரே வெடியில மரை விழுத்தின ஆள்" என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னார். மேசையில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"என்னவாம், பிள்ளை?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

சொன்னால் திருத்துவார் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்டுமில்லை அப்பா, சாப்பிடுங்கோ" என்றேன்.