சாக்பீஸ் அண்ணனும் கதவில்லாத சுவரும்

கதவுச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் தேய்த்துக்கொண்டே வருகிறார். ஒரு விரற்கடை இடம் விடுவதில்லை. பிறகு இரும்புக் கதவைச் சாத்தி, கொண்டிகளை எதிரும் புதிருமாக இறுக்குகிறார். இறுக்கியவர் உடனே அத்தனையையும் தளர்த்திக் கதவைத் திறக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கதவின் ஓரமாக ஓடும் ரப்பரை உற்றுப் பார்க்கிறார். வெள்ளைக் கோடு அறுபடாமல் ரப்பரில் சுற்றி வந்திருந்தால் "ம்" என்பார். துளி அறுந்திருந்தாலும் போச்சு. "இந்தா, இந்த வழியா தண்ணி உள்ள வந்து நலம் விசாரிக்கும்" என்று ரப்பரைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பழைய போர்க்கப்பல் இப்போது எந்தச் சண்டைக்கும் போவதில்லை. துறைமுகத்து ஓரமாகக் கட்டிப்போட்டு, டிக்கெட் கொடுத்து ஆட்களை உள்ளே விடுகிறார்கள். அதன் உடம்பைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் சாக்பீஸ் இருப்பதால் எல்லாருக்கும் 'சாக்பீஸ் அண்ணன்'. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்துப் பவ்யமாக ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. உண்மையில் வெல்டர். வாலிப வயதில் இந்தக் கப்பலுக்கு ஒட்டுப் போட வந்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார்.

கப்பலைப் பற்றி எழுத வந்த நான், ஏறியதும் செய்த முதல் காரியம் தலையை இடித்துக்கொண்டதுதான். இரண்டாவது காரியம், நிலைப்படி தடுக்கி அவர் மேலேயே விழுந்தது. "காலைத் தூக்கணும், தலையைக் குனியணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யணும் சார்" என்றார். ஒரு வாசலைத் தாண்ட இவ்வளவு வித்தை எதற்கு என்று எரிச்சலோடு கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு தொட்டியைக் காட்டினார்.

தொட்டித் தண்ணீரில் ஒரு தட்டை மிதக்க விட்டார். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, தட்டு அந்தப் பக்கமே சாய்ந்து, குபுக்கென்று உள்ளே போனது. அடுத்து, ஐஸ் கட்டி வைக்கிற தட்டு. நடுவில் ஒரு குழியில் தண்ணீர் ஊற்றினார். அது பாட்டுக்கு மிதந்தது. பக்கத்துக் குழியிலும் ஊற்றினார். சற்றே தாழ்ந்தது, அவ்வளவுதான்.

"கப்பல்னா தண்ணி வரத்தான் சார் செய்யும். இரும்புன்னா துரு, துருன்னா ஓட்டை. வந்த தண்ணிக்கு ஒரு ரூமைக் குடுத்துடணும். 'நீ இங்கயே இரு'ன்னு சொல்லிடணும். வீடு முழுக்கச் சுத்திக் காட்டக் கூடாது."

போர்க்காலத்தில் ஒரு கண்ணிவெடி இந்தக் கப்பலின் மூக்கைப் பிய்த்துவிட்டதாம். முன்னால் இருந்த அறைகளில் தண்ணீர் நிரம்பியது. அதற்கு அடுத்த தடுப்புச் சுவர் புடைத்துக்கொண்டு வர, மாலுமிகள் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்களாம். மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டே கப்பல் வீடு வந்து சேர்ந்தது. அந்தப் புடைப்பு இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சாக்பீஸ் அண்ணன் உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? எதிர்ப்பக்கத்து அறையில் தாங்களே தண்ணீரை விடுவார்கள். "மூழ்குற கப்பல்ல இன்னும் தண்ணி விடறதா!" என்று நான் வாயைப் பிளந்தேன். "நிமிரணும்ல?" என்றார். இது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. கடைக்குப் போனால் ஒரு கையில் மட்டும் பை தூக்க மாட்டார். இந்தக் கையில் வெங்காயம் இருந்தால் அந்தக் கையில் உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரில் சாக்பீஸ் தடவிச் சோதித்ததில், அன்று வைத்த தயிரில் வெள்ளைப் பொடி. "தயிர் எப்படியும் வெள்ளைதானே" என்றாராம். இதைச் சொன்னவர் அவர் மனைவி. வீட்டோடு தையல் மிஷின் வைத்து உழைத்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், இப்போது தடி ஊன்றி நடக்கிறார். நாக்கு மட்டும் தேயவில்லை. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்ஜின் ரூம், என்ஜின் ரூம்னு ஒரே பாட்டு. அதைத்தான் இவர் முதல்ல கட்டிக்கிட்டார். நான் ரெண்டாந்தாரம்" என்றார் என்னிடம். அந்த மூத்தவளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் நெடுநாள் ஆசை. பிள்ளைகள், தையல், வேலை என்று தள்ளிப்போட்டு, ஆசைப்பட நேரம் வந்தபோது கால் ஏணியில் ஏற மறுத்துவிட்டது.

பெரியவர்களுக்காக மேல்தளத்திலிருந்து கொதிகலன் அறைக்கு ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். என்ஜின் ரூம் அடுத்த அறைதான். நடுவில் ஒரே ஒரு சுவர். ஆனால் அந்தச் சுவரில் கதவே கிடையாது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பெரிய அறைகளுக்கு நடுவே வாசல் வைக்காமல் கட்டிய கப்பல் இது. பக்கத்து அறைக்குப் போக வேண்டுமென்றால் மேலே ஏறி, நடந்து, வேறொரு செங்குத்தான ஏணியில் இறங்க வேண்டும். 'சுவரில் வழி வெட்டிவிட்டால் எல்லாரும் பார்க்கலாமே' என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. மேலாளர் அம்மா நல்லவர். சாக்பீஸ் அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கேட்டது மேல்தளத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார்.

"வேண்டாம்" என்றார் அண்ணன்.

"கீழ கொஞ்சம் தண்ணி, அதுக்கும் கீழ சேறு. கப்பல் எங்கண்ணே முழுகப் போகுது?"

"முழுகாதும்மா, உக்காந்துடும். உக்காந்ததை யார் தூக்குறது? இருக்கறதுலயே பெரிய ரூம் ரெண்டும் அதுங்கதான். வழி வெட்டினா ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம் ஒரு ஓட்டை போதும்."

"கதவு போட்டுச் சாத்தி வெச்சுக்கலாமே?"

"கதவுன்னு ஒண்ணு இருந்தா, என்னைக்காவது ஒருத்தன் தொறந்து போட்டுட்டுப் போவான். அது நானாக்கூட இருக்கலாம்."

மேலாளர் அம்மா யோசித்துப் பார்த்துச் சரி என்றார். சுவர் தப்பித்தது. அண்ணனின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். "நல்லா சாத்துனீங்க" என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "சோத்துத் தட்டு டங்குன்னு வந்தா கோவம் சார். சத்தமே இல்லாம வந்தா பயங்கரக் கோவம். இப்பல்லாம் சத்தமே இல்ல" என்றார் என்னிடம். சிரிக்கலாம் என்று பார்த்தால் மனிதரின் முகம் செத்திருந்தது. நான் சும்மா இருக்காமல், "பேசாம வெட்டவே விட்டிருக்கலாமே அண்ணே?" என்றேன். சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினார். "அவளுக்காக வெட்டலாம்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு சார். என்ஜின் ரூம்ல தண்ணி நின்னா அப்புறம் அவளுக்குக் காட்ட என்ன இருக்கு?" என்றார்.

வழி மேலேதான் இருந்தது. என்ஜின் ரூமுக்கு நேர் மேலே, இயந்திர பாகங்களை ஏற்றி இறக்குவதற்கென்று ஒரு பெரிய மூடி உண்டு. அண்ணன் அதைத் திறந்தார், ரப்பரை மாற்றினார், கனம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கட்டினார். கைவைத்த இரும்பு நாற்காலி ஒன்றுக்கு சங்கிலி மாட்ட நாலு காது வெல்டு வைத்து, இடுப்புக்குப் பட்டை மாட்டினார். மணல் மூட்டைகளை உட்கார வைத்து ஏற்றி ஏற்றி இறக்கினார். மூட்டைகளுக்குக் கிடைத்த ராஜ உபசாரத்தைப் பார்த்து மேலாளர் அம்மாவே சிரித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தார்.

நாள் குறித்து, மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். அத்தனை நாள் மௌனம் அங்கேதான் உடைந்தது.

"எவ்ளோ கனம் வெச்சுப் பாத்தீங்க?"

"உன் வெயிட்டுக்கு மூணு மடங்கு."

"அப்ப என் வெயிட்டை ஊருக்கே சொல்லியாச்சு!"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டார். பட்டையை மாட்டிய அண்ணன் அதை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டவர் நாற்காலியில் இருந்த அம்மாதான்.

நான் முன்பே கீழே இறங்கி, வழக்கம்போல் தலையை இடித்துக்கொண்டு, உதவிக்கு நின்ற இரண்டு தொழிலாளர்களோடு காத்திருந்தேன். மேலே அண்ணன் இழுக்க, சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கடகடக்க, முதலில் செருப்பு தெரிந்தது, பிறகு தடி, பிறகு சிரிப்பும் பயமுமாக ஒரு முகம். நாற்காலி தரையைத் தொட்டதே தெரியவில்லை. பட்டையைக் கழற்றி எழுந்தவர், பித்தளைக் குழாய்களையும் ஆள் உயரச் சக்கரங்களையும் நிதானமாகச் சுற்றி வந்து பார்த்தார். "ம்… அழகாத்தான் இருக்கா" என்றார். பிறகு நேராக அந்தச் சுவரிடம் போனார். இத்தனை நாள் அவரை அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்த சுவர். விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு முறை தட்டினார்.

மேலே ஏணியில் தடதடவென்று சத்தம். சாக்பீஸ் அண்ணன் படிகளைப் பாதி விட்டு விட்டு இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. "எப்படி இருக்கு?" என்றார்.

அந்த அம்மா ஒரு கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் தடியை மெல்லத் தூக்கி ஏணியின் உச்சியைக் காட்டினார். அவர் இறங்கி வந்த கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏணியில் ஏறினார்.