பஸ்லினா கடையில் குதித்த நாள்

சீனி வியாதி என்று டொக்டர் சொன்னபோது பஸ்லினாவுக்கு வந்தது பயமல்ல, கோபம். கணவர் நிஸாம் கட்டாரில் முதுகை உடைத்துக்கொண்டு வந்து படுத்த பிறகு, பொம்பளைக்கு வேன் சரிவராது என்ற அத்தனை பேரையும் மீறி ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே குடும்பத்தைக் கொண்டுபோனாள். கடைசியில் பார்த்தால், உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு வியாதியைத் தேடிவைத்திருக்கிறது.

"நல்லா வேர்க்க நடக்கணும்" என்றார் டொக்டர்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, கண்டி வாவியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். நடை மெல்ல மெல்ல ஓட்டமானது. அபாயாவும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒரு பொம்பளை ஓடுவதைப் பார்த்தால், கரையோர வாங்குகளில் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்பார் ஒருவர். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடலாம் என்று நிஸாமின் பழைய இயர்போனை மாட்டினாள். வயர் தலையில் சுற்றிய ஷோலில் சிக்கி, போனையே இழுத்துச் சாக்கடைக் கானுக்குள் போட்டது. போன் பிழைத்தது. வயரில்லாத ஒன்று வாங்குவதென்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

டவுனில் நஸீபின் போன் கடையில் ரோஸ் நிறத்தில் குட்டிப் பெட்டி ஒன்றை நீட்டினார்கள்.

"லேடீஸெல்லாம் இதத்தான் எடுப்பாங்க, ராத்தா" என்றார் நஸீப்.

"மத்த லேடீஸ விடுங்க. நான் போட்டுப் பாக்கணும்."

காட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரு சோடியை எடுத்து, அவளுடைய போனோடு இணைத்துக் கொடுத்தார். பஸ்லினா ஷோலுக்குள் கைவிட்டு மாட்டினாள். பிறகு கடைக்கு நடுவில் நின்று குதிக்கத் தொடங்கினாள். போன் கவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். நாலைந்து தரம் குதிப்பதற்குள் ஒரு பக்கத்து இயர்போன் கழன்று கழுத்துக்குள் விழுந்தது.

"மெதுவா நடந்தா விழாது, ராத்தா."

"அப்ப மெதுவா நடக்கிறவங்களுக்குக் குடுங்க."

அடுத்தது காதைச் சுற்றிக் கொக்கி போடும் வகை. அது விழவில்லை. ஆனால் ஷோல் உரசினாலே அதற்கு விரலால் தட்டியது போல. பாட்டு நிற்கும், திடீரென்று கத்தும். ஒரு தடவை தானாகவே போன் கோல் ஒன்றையும் போட்டுவிட்டது. காதுக்குள் "ஹலோ" என்றது கணவரின் அண்ணன், மூத்த நானா முஹ்ஸினின் குரல். காலையில் கடைசியாகப் பேசியது அவரோடுதான்.

"எங்க நிக்கிறீங்க, பஸ்லினா?"

வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் தப்பவில்லை. "போன் கடையில மச்சான். பாட்டு கேட்டுட்டு ஓடுறதுக்கு ஒரு சாமான் எடுக்க வந்தன்."

"பாட்டா? ரோட்டிலயா? சனம் என்ன செல்லும்?"

"சனம் இப்பவும் செல்லிட்டுத்தான் ஈக்கி" என்று சொல்லிவிட்டுக் கழற்றி மேசையில் வைத்து, நஸீபின் பக்கம் திரும்பினாள்.

"தொட்டா வேல செய்றது எனக்கு வாணாம், நானா. அமத்துற பட்டன் வேணும். வாகனம் வாற சத்தமும் கேக்கணும். நான் வேன் ஓடுறவ. காத அடச்சிட்டு ரோட்டில போறவங்களக் கண்டா எனக்குக் கோவம் பத்தும்."

நஸீப் அலுமாரியைத் திறந்து வேறொன்றை எடுத்தார். தலைக்குப் பின்னால் வளைந்து போகும் பட்டி. காதுக்குள் எதுவும் போகாது, காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் ஒட்டிக்கொண்டு பாடும். பஸ்லினா அதை மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கி, நடைபாதையில் ஒரு ஓட்டம் ஓடித் திரும்பினாள். பாட்டும் கேட்டது, பஸ்ஸின் ஹோனும் கேட்டது. பட்டனைத் துணிக்கு மேலேயே விரலால் தேடி அமத்த முடிந்தது. வாங்கில் இருப்பவர்களின் பேச்சும் கேட்கும்தான். கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"மழைக்குத் தாங்குமா?"

"தாங்கும். வாவிக்குள்ள விழுந்தாத் தாங்குமாண்டு செல்ல ஏலா."

"விழ மாட்டன். கட்டுங்க."

அடுத்த நாள் காலையில் முஹ்ஸினே வாவிக் கரைக்கு வந்துவிட்டார். தோல் செருப்பும் இஸ்திரி போட்ட சேட்டுமாக வழியில் நின்று கையைக் காட்டினார்.

"நில்லுங்க. கதைக்கணும்."

"நிண்டா உடம்பு ஆறிரும் மச்சான். கூட வாங்க, கதைப்பம்."

மரியாதைக்குப் பாட்டை நிறுத்தினாள். காலை நிறுத்தவில்லை. அவரும் பக்கத்தில் நடையை எட்டிப்போட்டார். குடும்ப மானம் என்று தொடங்கியவருக்கு முதல் வளைவுக்குள்ளேயே மூச்சு வாங்கியது. "நிஸாம் வீட்டில படுத்துக் கிடக்க, நீங்க..." என்று இழுத்தார்.

அப்போதுதான் பஸ்லினா நின்றாள்.

"அவரோட நானும் படுத்தா வேன யாரு ஓட்டுற? நீங்க வருவீங்களா?"

முஹ்ஸின் வாவிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வாறதெண்டா சப்பாத்துப் போட்டுட்டு வாங்க" என்று சொல்லி, பட்டனை அமத்திவிட்டு ஓடினாள்.

அவர் பிறகு வரவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போனபோதும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பஸ்லினா கொண்டுபோன வட்டலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, போட்ட கதிரையில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

நிஸாம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. ஒரு பின்னேரம் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அவளுடைய போனை வாங்கினார். நெடுநேரம் தேடித் தேடிப் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தார். கலியாணம் முடித்த காலத்தில் இருவரும் கேட்ட மெதுவான பாட்டுகள்.

காலையில் ஓடிவிட்டு வந்து வாசலிலேயே சத்தம் போட்டாள்.

"இதுக்கெல்லாம் ஓட ஏலாங்க! நல்லா அடிக்கிற பாட்டாப் போடுங்க."