கியூபாக்காரரின் தோளும் நான் சொன்ன பொய்யும்

ஆங்கிலம் தெரியும் என்று ஒரு படிவத்தில் எழுதியதுதான் நான் செய்த பிழை. தர்மபுரத்தில் அப்போது நான் விளையாட்டு ஆசிரியை. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்க கியூபாவில் பிறந்த ஒருவர் வந்தபோது, மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

பெயர் ரமோன். பிட்சர், அதாவது எதிரணிக்காரர் அடிக்க முடியாதபடி பந்தை எறிபவர். இருபத்திரண்டு வயதில் நாட்டை விட்டுப் போய், வெளிநாட்டுக் கழகங்களுக்குப் பதினொரு வருடம் எறிந்தவர்.

முதல் நாளே பெற்றோர் கூட்டம். அவர்கள் கையெழுத்து வைத்தால்தான் அணி. முன்வரிசையில் சிவபாக்கியம் அக்கா, கச்சான் கடலைத் தோட்டக்காரி. அவருடைய மகள் யாழினிதான் எங்கள் பிட்சர்.

"எறியிறதுக்குச் சம்பளமும் குடுத்தவையோ?"

"ஓம் அக்கா."

"பிறகேன் விட்டவர்?"

கேட்டேன். "தோள் நொந்தது. சொன்னால் இடம் போய்விடும் என்று மறைத்தேன். எறிந்து எறிந்து தோளே போய்விட்டது" என்றார் ரமோன்.

இதைச் சொன்னால் ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். "மரத்தாலை விழுந்திட்டாராம்" என்றேன்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அதில் உற்சாகமான ரமோன் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார். பிறகு பந்தெறிவதுபோல் கையைச் சுழற்றி, "ஆ!" என்று தோளைப் பிடித்தார். மூன்று தரம்.

"டீச்சர், மரத்தாலை விழுந்த மனுசன் ஏன் எறிஞ்சு காட்டுறார்?" என்றார் அக்கா.

உண்மையைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "என்ரை பிள்ளைக்கும் இப்பிடி வருமோ எண்டு கேளுங்கோ."

ரமோன் கதிரையை அவர் முன்னால் இழுத்துப் போட்டு இருந்தார். "அளவில்லாமல் எறிந்தால் வரும். ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது பந்து. அதற்குமேல் யார் கேட்டாலும் விடாதீர்கள்."

"அப்ப நான் எண்ணுறன்" என்று அக்கா கையெழுத்து வைத்தார்.

கிளிநொச்சியில் இறுதியாட்டம். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தியை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் எங்களுக்கு.

"அம்பது! காணும்!"

விரித்த குடையோடு அக்கா மைதானத்துக்குள் நடந்துவந்து, மகளின் கையிலிருந்த பந்தைப் பறித்தார். நடுவர் ஓடிவந்தார்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு பந்து!" என்று கெஞ்சினேன்.

"நீங்கள் மரக்கதை சொன்ன ஆள். தள்ளி நில்லுங்கோ."

யாழினிக்குப் பதிலாக எறிந்த பிள்ளை இரண்டு ஓட்டங்களை விட்டுக்கொடுத்தாள். தோற்றோம். எனக்கு அக்காமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

திரும்பும்போது வான் வண்டியில் யாழினி என் பக்கத்தில் இருந்தாள். சும்மாதான் கேட்டேன், "தோள் நோகுதோ?"

"மூண்டாம் இன்னிங்ஸிலை இருந்து நோகுது டீச்சர்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னால் மாத்திப்போடுவியள்."

அதன்பின் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எறிந்த பிள்ளையிடம் கேட்பேன். "நோகேல்லை" என்றால் நம்புவதில்லை. கையை மேலே தூக்கிக் காட்டச் சொல்வேன்.