ஷூஷான் கேட்ட மன்னிப்பு

பெரிய நோன்புக்கு முந்தின நாள் ஜெர்பா தீவில் எங்கள் யூதத் தெரு முழுக்க மன்னிப்புதான். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பா." "சரி, நீயும் மன்னிச்சிரு." காசா பணமா! செருப்புத் தைக்கிற ஷூஷானும் பத்தொன்பது வருஷமாகக் கமீசாவிடம் அதையே சொல்லி வந்தான். செய்தது என்ன என்று மட்டும் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் அவன் கமீசாவைப் பெண் கேட்டபோது, தரமாட்டேன் என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டான். அந்த ஆத்திரத்தில், பெண் கேட்டு வந்த வேறு வீட்டாரிடம் அவளுக்கு வலிப்பு வரும் என்று பற்றவைத்தது ஷூஷான்தான். கல்யாணம் நின்றது. பிறகு யாரும் அவளைக் கேட்டு வரவில்லை. அவனும் கட்டிக்கொள்ளவில்லை, ஒற்றைத் தட்டு, ஒற்றைக் குவளை. ஜெப ஆலயத்தில் "பாவம் செய்தோம்" என்று கூட்டத்தோடு மார்பில் அடித்துக்கொள்வான். அந்த ஒரு பாவம் மட்டும் போகவே போகாது. பலிபீடம் இருந்த காலமென்றால் ஓர் ஆட்டை ஓட்டிப் போயிருக்கலாம் என்று பெருமூச்சு விடுவான். பைத்தியக்காரன்! அந்தக் காலத்திலும் ஆளுக்குச் செய்ததை ஆளிடம்தான் தீர்க்க வேண்டும்.

இந்த வருஷம் காலையிலேயே போனான். கமீசா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும், தெரியும். நீயும் என்னை மன்னிச்சிரு. போ, வேலை கிடக்கு" என்றாள்.

"இல்ல கமீசா. உனக்கு வலிப்புன்னு சொன்னது நான்தான்."

அவள் கை நின்றது. "சொன்னது எங்க அண்ணி இல்லையா?"

"நான்தான்."

"அடப்பாவி! அவதான்னு நெனச்சு இத்தனை வருஷம் அவ மூஞ்சில முழிக்கலையே! 'நான் சொல்லலடி'ன்னு மூணு தடவை வாசல்ல வந்து அழுதா. கதவைத் திறக்கலையே. போன பஸ்கா பண்டிகைக்கு அவளைப் புதைச்சாச்சு. இனி நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"என்னை..." என்று இழுத்தான்.

"உன் கதை கிடக்கட்டும். போய்ப் பத்து ஆம்பளைங்களைக் கல்லறைக்குக் கூட்டிட்டு வா."

செத்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் பத்துப் பேர் வேண்டும். வீடு வீடாகப் போனான். எதற்கு என்று கேட்டார்கள். கேட்ட வாசலிலெல்லாம் சொன்னான். ஒருவர் காறித் துப்பிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாவதாக அவனே நின்றான்.

"கடவுளுக்கும் உனக்கும் பாவம் செஞ்சிட்டேன் மஸூதா" என்று கமீசா அண்ணியின் கல்லில் விழுந்து கதறினாள். வழக்கப்படி, செத்தவளுக்குப் பதிலாக அந்தப் பத்துப் பேரும் மூன்று முறை, "உனக்கு மன்னிப்பு ஆயிற்று" என்றார்கள். அதில் ஷூஷானின் குரலும் இருந்தது.

கமீசா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"உனக்குக் குடுக்க இன்னிக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் வந்து கேளு" என்றாள்.